நெற்று கறுத்த பிறகு எத்தனை நாள் பொறுக்கலாம்?

கள்ளிக்குடியிலிருந்து:
கரிசல் காடு, மானாவாரி. புரட்டாசிக் கடைசியில் 2 ஏக்கரில் வம்பன் 8 உளுந்து விதைத்தேன். 65–70 நாளில் ஒரே சீராக முற்றும் ரகம். கார்த்திகையில் முக்கால்வாசி நெற்று கறுத்துவிட்டது. மிச்சமும் கறுக்கட்டும், தீபம் முடிந்து ஆள் விடலாம் என்று இருந்தேன். பேராசை என்றாள் மனைவி. நான் கணக்கு என்றேன்.

தீபத்தன்று இரவு பிடித்த தூறல் மூன்று நாள் விடவில்லை. அடைமழைகூட இல்லை, நசநசவென்ற ஈரம்தான். நான்காம் நாள் நெற்றைப் பிதுக்கினால் உள்ளே வெள்ளை முளை! முற்றிய மணிக்கு ஈரம் கிடைத்தால் போதும், செடியிலேயே முளைத்துவிடும். முளைக்காததும் நிறம் மங்கிப் பூசணம் பூத்திருந்தது. கீழமாசி வீதிக் கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு மாட்டுத் தீவனத்துக்கான விலை சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் தீபத்துக்கு முந்தின நாளே பிடுங்கி, மேட்டில் குவித்துத் தார்ப்பாய் மூடியிருந்தார். மழை விட்டதும் பிரித்துக் காயவைத்தார். அவருக்கு ஏக்கருக்கு மூன்று மூட்டை.

மறு ஆண்டு, சூடு கண்ட பூனையாகப் பாதி நெற்று பச்சையாக இருக்கும்போதே பிடுங்கினேன். வானம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. காய்ந்ததும் மணி சுருங்கிப் பொக்காகி, சொளகில் புடைத்தபோது பறந்தது.

திருமங்கலத்திலிருந்து:
நான் லாரி ஓட்டுகிறேன். நாமக்கல் கோழித் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்ற இந்தூர்ப் பக்கம் போவேன். அங்கே சோயாவை ஆனி, ஆடியில் விதைத்துப் புரட்டாசியில் அறுக்கிறார்கள். மழைக்குப் பயப்படுகிற அளவுக்கு வெயிலுக்கும் பயப்படுகிறார்கள். இலை உதிர்ந்து காய் காய்ந்த பிறகு சில நாள் விட்டால், உச்சி வெயிலில் காய் வெடித்து விதை சிதறிவிடும். அதனால் பனி ஈரம் காயுமுன் விடிகாலையிலேயே அறுப்பு. தாமதித்த காட்டுக்குள் நடந்தால் விதை காலில் நெருடும்.

உசிலம்பட்டியிலிருந்து:
கள்ளிக்குடி அண்ணன் ஆள் பஞ்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நமக்கு நெற்று கறுக்கும் வாரம்தான் ஊருக்கே கறுக்கிறது. போன முறை ஆளுக்காக ஐந்து நாள் காத்திருந்தேன். இந்த முறை பத்து நாளுக்கு முன்பே சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்தாயிற்று. பிடுங்குவதோடும் முடியவில்லை: மணியைக் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவைக்காமல் மூட்டை கட்டினால் வண்டு விழும்.

என் காட்டில் இன்று முக்கால் கறுத்திருக்கிறது. நாளைக் காலை ஆறு பேர் வருகிறார்கள். மேற்கே, மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.