அப்பா காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள் எங்களுக்குச் சேருமா?

கேள்வி: முல்லைவாசி

அப்பா போன மாதம் தவறிவிட்டார். கடைசிச் சில ஆண்டுகளாக அவர் படித்ததெல்லாம் மின்னூல்தான். கண் மங்கிய பிறகு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள அதுதான் வசதி என்பார். கணக்கில் ஏகப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன, எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. என் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். சாட்பாட் திரும்பத் திரும்பக் கடவுச்சொல்லை மாற்றும் வழியையே சொன்னது. கடைசியில் ஒரு ஆள் வந்து, கணக்கை வேறொருவருக்கு மாற்ற இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

புத்தகம்கூடப் போகட்டும். அப்பா படிக்கும்போது கோடு போடுவார், பக்கத்தில் குறிப்பு எழுதுவார். ஒரு வரலாற்று நூலில், "இந்த ஆண்டு தவறு, முந்தைய அத்தியாயத்தோடு ஒத்துப்போகவில்லை" என்று ஆசிரியருக்கே திருத்தம் போட்டிருக்கிறார். இன்னொன்றில், "இதைச் சின்னவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்" என்று இருக்கிறது. சின்னவள் நான்தான். கணக்கை மூடினால் இந்தக் குறிப்புகளும் போய்விடுமா?

அப்புறம், வீட்டுப் படங்கள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன. மாதச் சந்தா அவர் கார்டிலிருந்து போகிறது. கார்டை உடனே நிறுத்த வேண்டும் என்று அண்ணன் அவசரப்படுகிறான். எதை முதலில் செய்வது?

பதில்: நூலகத்தார்

உங்கள் அப்பாவின் மறைவுக்கு வருந்துகிறேன், சகோதரி.

உங்களுக்குக் கிடைத்த பதில் கசப்பானது, ஆனால் நிபந்தனைகளின்படி அது சரியானதுதான். "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தும்போது நாம் புத்தகத்தை வாங்குவதில்லை. படிப்பதற்கான உரிமத்தை வாங்குகிறோம், அதுவும் அந்த ஒரு ஆளுக்கு மட்டும். அச்சு நூலை இரவல் தரலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். மின்னூலுக்கு அது பொருந்தாது. உரிமையாளரின் அனுமதியின்றி மறுவிற்பனை செய்ய முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. பழைய மின்னூல்களை மறுவிற்பனை செய்த ஒரு தளத்தைப் பற்றிய வழக்கு அது.

நூலகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் இந்த மாற்றத்தைக் கூர்ந்து பார்த்து வருகிறேன். 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலே நீக்கியது. விற்றவரிடம் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் ஒரு மாணவர் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள், நூல் போனதும் எதைப் பற்றியவை என்றே தெரியாமல் நின்றுவிட்டன. அவர் வழக்குப் போட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியபோது நூல்களுக்கான பணத்தைத் திருப்பித் தந்ததோடு, குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தது. அந்தப் பணம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாசகர் எழுதியது நூலிலிருந்து வேறான ஒரு பொருள், அது அவருடையது என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டதே, அதுதான் முக்கியம். உங்கள் அப்பாவின் குறிப்புகளும் அப்படித்தான். நூல் உங்களுக்கு வராமல் போகலாம், அவர் எழுத்து வர வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.

பதில்: கம்பிவடம்

நூலகத்தார் சொன்னது சரி. இப்போது வேலையைப் பார்ப்போம்.

கருவி கையில் இருக்கும்போதே குறிப்புகளை எடுத்துவிடுங்கள். எந்தக் கருவி என்று நீங்கள் சொல்லவில்லை. கிண்டில் என்றால் கணினியில் செருகினால் டாகுமெண்ட்ஸ் கோப்புறையில் "மை கிளிப்பிங்ஸ்" என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கும். கோடு போட்ட வரி, எழுதிய குறிப்பு, எழுதிய நாள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கோடிட்ட வரிகளுக்குப் பதிப்பகம் ஒரு வரம்பு வைத்திருக்கும், அதற்கு மேல் போனவை வராது. அவரே தட்டச்சு செய்தவை வரும். கோபோ என்ற இன்னொரு மின்னூல் கருவி என்றால் அதற்குள் ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கும், எடுக்கக் கொஞ்சம் தெரிந்தவர் வேண்டும். டேப்லெட் செயலியில் படித்திருந்தால் குறிப்புகளை ஏற்றுமதி செய்யும் வசதியைத் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று: அப்பாவின் சிம்மை ஒப்படைக்காதீர்கள், செயலிழக்கவும் விடாதீர்கள். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் போய்விட்டால் வங்கி, மின்னஞ்சல், படங்கள் என்று எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் அடைபடும். கொஞ்ச காலம் கழித்து அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தும் விடுவார்கள்.

கார்டையும் படங்களைப் பதிவிறக்கிய பிறகு நிறுத்துங்கள். கூகுள் என்றால் சந்தா நின்றதும் படங்கள் உடனே அழியாது. ஆனால் இலவச அளவைத் தாண்டியபடியே இரண்டு ஆண்டு கிடந்தால் அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கணக்கை யாருமே திறக்காமல் இரண்டு ஆண்டு ஆனாலும் அதே கதை. மறைந்தவரின் கணக்கிலிருந்து தரவு கேட்க அவர்களிடம் தனி விண்ணப்பம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், கடவுச்சொல் மட்டும் தரவே மாட்டார்கள்.

பதில்: மாலைநடை

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. என் அம்மாவுக்குப் பார்வை இல்லை. மாதச் சந்தாவில்தான் ஒலிநூல்கள் கேட்கிறார். ஒவ்வொன்றையும் வாங்க வேண்டுமென்றால் எங்களால் முடிந்திருக்காது. வாடகை என்று தெரிந்தே வாடகை கொடுப்பதில் குறையில்லை.

ஆனால் வாடகைக்குக் கொடுத்துவிட்டு "வாங்கு" என்று எழுதி வைப்பது தவறு, அதில் உங்களோடு நிற்கிறேன். உரிமத்தைத்தான் விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் அப்படி எழுதக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. எல்லா இடத்திலும் வர வேண்டிய சட்டம்.

முல்லைவாசி

எல்லோருக்கும் நன்றி. சிம்மைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அண்ணன் நாளைக்கே ஒப்படைக்க இருந்தான், நிறுத்திவிட்டேன். குறிப்புகளை இன்று இரவே எடுக்கிறேன்.

இன்னொரு கேள்வி. அம்மாவுடைய போனிலும் எல்லாம் அம்மா பெயரில்தான் இருக்கிறது. இதே அலைச்சல் மறுபடி வராமல் இப்போதே ஏதாவது செய்து வைக்க முடியுமா? இந்த நேரத்தில் அவரிடம் கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: கம்பிவடம்

முடியும். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஓர் அமைப்பு 2013இலிருந்து இருக்கிறது. எத்தனை மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவே குறித்து வைக்கலாம். மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை. பத்துப் பேர் வரை சேர்க்கலாம். கெடு முடியும் முன் அவருக்கே எச்சரிக்கை வரும், அதனால் பயமில்லை.

ஐபோன் என்றால் அமைப்புகளில் மரபுத் தொடர்பாளர், அதாவது அம்மாவுக்குப் பின் கணக்கைத் திறக்க அனுமதி உள்ளவர், என்று ஒருவரைச் சேர்க்க வேண்டும். அப்போது வரும் அணுகல் குறியீட்டை அச்சிட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அதுவும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் படங்கள், செய்திகள், குறிப்புகள் கிடைக்கும். வாங்கிய நூலும் பாட்டும் திரைப்படமும் கிடைக்காது, சேமித்த கடவுச்சொற்களும் கிடைக்காது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு, அதற்குள் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட வேண்டும்.

அம்மாவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், முதலில் உங்கள் கணக்கில் அம்மா பெயரைச் சேர்த்துக் காட்டுங்கள். என் வீட்டில் அப்படித்தான் பேச்சை ஆரம்பித்தேன்.