பல்சர் 150 பின் ஷொக்கை வீட்டிலேயே இறுக்கலாமா?

கேள்வி – வெள்ளவத்தை

பஜாஜ் பல்சர் 150 வைத்திருக்கிறேன். தனியாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகும்போது, பள்ளத்தில் விழுந்தால் பின்பக்கம் 'டங்' என்று அடிக்கிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே முதுகுவலி. கராஜில் அதிர்வைத் தாங்கும் பின் ஷொக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை. நானே இறுக்கிப் பார்க்கலாமா?

பதில் – கொட்டாஞ்சேனை

தாராளமாகப் பார்க்கலாம் தம்பி, உடனே காசைக் கொட்ட வேண்டாம். முதலில் ஸ்டாண்ட் போடாமல் பைக்கைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டை பலமாக அமுக்கி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் ஷொக் நல்லது. துள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே டேம்பிங், அதாவது துள்ளலை அடக்கும் பகுதி, போய்விட்டது, அதை இறுக்கிப் பயனில்லை.

நல்லதென்றால், ஸ்பிரிங் முடியும் இடத்தில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். மொத்தம் 5 படி. நடு ஸ்டாண்டில் ஏற்றி, சேற்றைக் கழுவிவிட்டு, கொக்கி மூக்குள்ள சி ஸ்பனரால் ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். 1இலிருந்து நேரே 5க்குத் தாவக் கூடாது. ஸ்பனர் இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், வளையத்தின் காது உடைந்துவிடும். இரண்டு பக்கமும் கட்டாயம் ஒரே படியில் இருக்க வேண்டும்.

இறுக்குவதால் ஸ்பிரிங்கின் வலு கூடுவதில்லை. அது முன்கூட்டியே அமுங்கி நிற்பதால், இருவர் ஏறினாலும் பைக் அவ்வளவு தாழாது. பள்ளம் வரும்போது அமுங்க இடம் மிஞ்சும், அந்த அடி நிற்கும். பக்கத்தில் இருக்கும் கேஸ் குப்பியை மட்டும் கழற்றவே வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

பதில் – தெஹிவளை

டயர் காற்றையும் பாருங்கள். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 32 பிஎஸ்ஐ, தனியாக என்றால் 28. பெற்றோல் செட்டில் பார்ப்பதென்றால் டயர் சூடாக முன்பே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அமுக்கிப் பார்த்தேன், துள்ளவில்லை. 2இல் இருந்ததை 4க்கு ஏற்றிவிட்டேன். காலி வீதியில் அம்மாவோடு போனபோது அந்தச் சத்தம் வரவில்லை. ஆனால் தனியாகப் போனால் முதுகில் குத்துகிறது. அப்படியே விடலாமா?

பதில் – கொட்டாஞ்சேனை

விடாதீர்கள். பின்னால் ஆள் இல்லாதபோது அவ்வளவு இறுக்கம் தேவையில்லை, சிறு மேடுகளிலும் டயர் தாவும். மழையில் அது நல்லதல்ல. வார நாளில் 2க்கு இறக்கிவிட்டு, அம்மா ஏறும் நாளில் ஏற்றுங்கள். ஸ்பனர் சீட்டுக்கடியில் இருக்கட்டும். இரவில் முன்விளக்கு எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள், பின்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் கிட்டவாக விழும்.