ஸ்திரீபார்ட் போட்டவள் நாடகம் எழுதலாமா, சொல்லிக் கொடுக்கலாமா?

தினைப்புனம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 19 வருடமாக ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ஊர்த் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கும் நாடகத்தில், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) போடுகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம்தான் அதிகம். வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி, சந்திரமதி எல்லாம் போட்டாகிவிட்டது. வயது 38. போன வருடம் பங்குனியிலிருந்து ஆடி வரை 44 தேதி, அதாவது 44 நாடகம், இருந்தது. இந்த வருடம் 27தான். விழாக் கமிட்டிக்காரர்கள் “சின்னப் பெண்ணாகப் பாருங்கள்” என்று ஏஜென்டிடம் சொல்கிறார்களாம்.

மேடையை விட எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு ஆசை ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது. நானே ஒரு நாடகம் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு நடிப்பு சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கித் தர முடியுமா என்று கேட்டும் விட்டார். நான் 9ஆம் வகுப்போடு நின்றவள். நாடகப் பிரதி என்று ஒன்றைக் கையில் வைத்துப் படித்ததே கிடையாது. பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணினேன், வசனம் மேடையில் தானாக வந்துவிடும். அப்படிப்பட்டவளால் எழுத முடியுமா? நாடகக்காரியைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்களா? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

தங்கச்சி, நானும் ஸ்திரீபார்ட்தான். 17 வயதில் மேடை ஏறினேன், 42இல் இறங்கினேன். இப்போது 67. இடையில் ஆறு நாடகம் எழுதி, ஏழெட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். நீ மேடைக்காரி என்பதால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எனக்குத் தேதி குறையவில்லை, தொண்டை போனது. ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தவள். ஒரு வைகாசி மாதம் இடைவெளியே இல்லாமல் பாடினேன். ஒரு நாள் வள்ளியாகப் பரணில் நின்று, பறவை விரட்டும் ஆலோலப் பாட்டை எடுத்தால், மேலே போன இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டையில் காய்ப்பு விழுந்திருக்கிறது, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார். எனக்குப் பதிலாக வேறொரு பெண்ணை ஏஜென்ட் அனுப்பினார். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அந்த நாடகத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

25 வருடத்தில் வள்ளி திருமணத்தைக் கீழே உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பபூன் வந்தார், டான்ஸ் முடிந்தது, நாரதர் வந்து தர்க்கம் பண்ணினார், வேடன் வந்தான், கிழவன் வந்தான். பக்கத்துப் பாயில் ஒரு அம்மா, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, “வயசுப்பிள்ளையைத் தனியாத் தினைக்காட்டுக்கு அனுப்பியிருக்காளே, ஆத்தாக்காரி எங்கே போனா?” என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெற்றது மான். வளர்த்தது நம்பிராஜன் மனைவி. அவளுக்கு ராத்திரி முழுக்க ஒரு வசனம் கிடையாது. எத்தனை நூறு ராத்திரி வள்ளியாக நின்றிருப்பேன், அவளை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அதுதான் என் முதல் நாடகம். வளர்த்த தாய் பரணுக்குக் கீழே, மகள் இறங்கி வருவாள் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். 40 நிமிடம். ஆகவே என்ன எழுதுவது என்று தேடாதே. அடுத்த தேதி இல்லாத ஒரு நாள், உன் நாடகத்தையே பாயில் உட்கார்ந்து முழுசாகப் பார்.

எழுத முடியுமா என்று கேட்டாய். நம் தொழில் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார். மதுரையிலிருந்து நாரதர் வருவார், மணப்பாறையிலிருந்து ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்) வருவார், நீ புதுக்கோட்டையிலிருந்து போவாய். பவுடர் போடும் இடத்தில்தான் முகம் பார்த்துக்கொள்வோம். ஒத்திகை கிடையாது. மேடையில் நாரதர் புதிதாக ஒரு கேள்வியைப் போட்டால், மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டுவதற்குள் நீ பதில் கட்டியாக வேண்டும். 19 வருடமாக நீ வசனம் கட்டுகிறாய் தங்கச்சி. விடிந்ததும் அது காற்றோடு போய்விடுகிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்துத் தாளில் வைக்கத்தான் பழக வேண்டும்.

நான் பிடித்த விதத்தைச் சொல்கிறேன். பேனாவோடு உட்கார்ந்தால் எனக்குக் கடிதம் மாதிரிதான் வந்தது. அதனால் குரல் தேறியதும் மெதுவாகக் கேசட்டில் பேசினேன். உனக்குப் போன் இருக்கிறது. தாய் பேசும்போது ஒரு இடத்தில் நின்றேன், அப்பன் பேசும்போது எதிரே போய் நின்றேன். அப்புறம் என் அண்ணன் மகள் அதைக் கேட்டுக் கேட்டு 80 பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தாள். படித்துப் பார்த்தால் மோசம். தாய், அப்பன், காவல்காரன் மூன்று பேரும் என்னை மாதிரியே பேசுகிறார்கள். எல்லோரும் ஸ்திரீபார்ட்! இது உனக்கும் நடக்கும். ராஜபார்ட்டும் பபூனும் எத்தனை வருடம் உன் எதிரே நின்று பேசியிருக்கிறார்கள், அவர்கள் மூச்சு எங்கே நிற்கும் என்று உன் காதுக்குத் தெரியும். அந்தக் காதை வைத்துத் திருத்து.

என்னைத் திருத்தியவர் எங்கள் ஆர்மோனிய அண்ணன். பெட்டியில் சுருதி வைத்துக்கொண்டே, நான் படிப்பதைக் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தொய்ந்த இடத்தில் அவர் கை துருத்தியை விட்டுவிடும், சுருதி அடங்கிப் போகும். அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். முதல் தடவை 23 கோடு. கடைசியில் மூன்று. அந்த மூன்றை நான் எடுக்கவில்லை, எனக்கு அவை வேண்டும் என்று தோன்றியது. மேடையிலும் அந்த இடங்கள் தொய்ந்துதான் போயின. அண்ணன் சரி, நான்தான் தப்பு.

இன்னொன்று. நடிப்பு, எழுத்து, சொல்லிக் கொடுப்பது எல்லாவற்றையும் நீ தனித்தனி வேலையாக நினைக்கிறாய். நம் மேடையில் இது மூன்றும் ஒரே ஆள் செய்த வேலை. அந்த ஆளுக்கு வாத்தியார் என்று பெயர். நாம் போடும் வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளைப் பார். 1867இல் பிறந்தவர். எமனாகவும் சனீஸ்வரனாகவும் ஆடிப் பேர் வாங்கியவர், அவர் வேஷத்தைப் பார்த்து ஜனங்கள் பயந்த கதையை நீயும் கேட்டிருப்பாய். நடிப்பை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்துச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிற்பாடு பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அங்கே படித்த பிள்ளை. அபிமன்யு நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததைப் பிற்பாடு அவர்தான் எழுதி வைத்தார். மேடையில் நின்றவர் எழுதியதால்தான் அந்தப் பாட்டுகள் நம் வாயில் உட்காருகின்றன. மூச்சு வாங்க எங்கே இடம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நீ கேட்பது புது வழி இல்லை. ஆண்கள் போன வழி. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார், ஆண் வேஷமும் பெண்களே போட்டார்கள். அப்படியெல்லாம் செய்த பெண்களை வாத்தியார் என்று கூப்பிடத்தான் நமக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். விடுவார்களா என்றால், டீச்சர் கேட்டிருக்கிறார், போ. ஆனால் ஒன்றை முதலிலேயே பேசிவிடு. நான் போன முதல் பள்ளியில் அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் “கலை ஆசிரியர்” என்று போட்டார்கள். ஸ்பெஷல் நாடகம் என்ற வார்த்தை வேண்டாம், பெற்றோர் ஏதாவது சொல்வார்கள் என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். விழாவன்று, முன்பு என்னை நாடக மேடையில் பார்த்திருந்த ஊர்க்காரர் ஒருவர் எல்லோர் முன்னாலும் வந்து “நீங்க வள்ளி போட்டவங்கதானே” என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். 25 வருடம் தொழில் செய்தவள், இல்லை என்று சொன்னேன். இன்று வரை அது உறுத்துகிறது. அடுத்த பள்ளியில், ஸ்திரீபார்ட் நடிகை என்று போட்டால்தான் வருவேன் என்றேன். போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை.

சொல்லிக் கொடுப்பதில் நான் செய்த தப்பு, நடித்துக் காட்டியது. காட்டினால் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் 14 பிள்ளைகளும் என்னை மாதிரியே கழுத்தை வெட்டி, என்னை மாதிரியே கையை விரித்தார்கள். அதிலும் பத்து வயதுப் பையன் நம்முடைய நெளிவோடு நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. அதற்கப்புறம் நான் எழுந்திருப்பதே இல்லை. தரையில் உட்கார்ந்துவிடுவேன். “அவன் என்ன சொன்னான், திரும்பச் சொல்லு” என்று மட்டும் கேட்பேன். எதிராளி சொன்னதைக் காதில் வாங்கினால் பதில் சரியாக வரும், நமக்குத் தர்க்கத்தில் வருகிற மாதிரி.

மைக்கையும் மறந்துவிடு. நாம் மைக்குக்கு முன்னால் போய் நின்று பேசியே பழகியவர்கள், கால் தானாக அங்கே போகும். பள்ளிக்கூடத்தில் மைக் இல்லாமல் பழக்கு. கடைசி வரிசையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து அதற்குக் கேட்கிற மாதிரி பேசச் சொல். கத்தச் சொல்லாதே, என் தொண்டையை நினைத்துக்கொள்.

27 தேதியையும் விட்டுவிடாதே. ஆடிக்குப் பிறகு மேடை ஓய்ந்திருக்கும் மாதங்களில் எழுது.

ஒளிக்காரன் எழுதியது:

மேலே அம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் நவீன நாடகத்தில் விளக்குப் போடுபவன். அவர் தொடாத சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

அக்கா, எழுதி முடித்ததும் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒருவர் கட்டிய வசனத்தை அடுத்த ஊரில் இன்னொருவர் எடுத்துப் பேசுவது சாதாரணம், யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் எழுதிய நாடகம் சட்டப்படி உங்கள் சொத்து. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை இருக்கும். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. யாராவது போட விரும்பினால், உங்கள் பெயரைப் போட்டு, உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போடட்டும்.

முன்பெல்லாம் 1954ஆம் வருடச் சட்டத்தைக் காட்டி நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்வார்கள். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது வேறு, அது இன்றும் வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் அம்மாவிடமிருந்து மாறுபடுகிறேன். காது மட்டும் போதாது, மற்றவர்கள் எழுதிய பிரதிகளையும் படியுங்கள். கவிஞர் இன்குலாப் எழுதிய ஔவை நாடகத்தை அ. மங்கை இயக்கினார். மங்கை கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே நாடகம் செய்தவர். நமக்குப் பாட்டியாக மட்டும் தெரிந்த ஔவையை, பாணர்களோடு ஊர் ஊராகப் போன இளம் பெண்ணாக அந்த நாடகம் காட்டுகிறது. அதைப் படித்தால் வள்ளியைப் பற்றி உங்களுக்கே நாலு கேள்வி வரும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கே முதுகலை படிக்கப் பட்டம் வேண்டும், ஆனால் மாணவர்கள் போடும் நாடகத்தைப் பார்க்கப் பட்டம் வேண்டியதில்லை.

தினைப்புனம் எழுதியது:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் பவுடர் போடும் இடத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். பபூன் அண்ணன் முழுதும் கேட்டுவிட்டு, “எனக்கும் ஒரு வேஷம் எழுதும்மா, சிரிக்க வைக்காத வேஷமா” என்றார்.

பள்ளிக்கூடத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். ஸ்திரீபார்ட் என்றே போடச் சொன்னேன். டீச்சர், “அப்படித்தான் போடுவதாக இருந்தேன்” என்றார்.

போனில் பேசிப் பதிவு பண்ணி ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். ராத்திரி மூன்று மணி. மேடைக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டிய இடம். சாவித்திரி வேஷத்தில் ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எமன் வேஷம் போட்டவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பினீர்களா என்று கேட்கிறார். அவள் இல்லை என்கிறாள். வெளியே இவர்களுக்கான பாட்டு ஆரம்பிக்கிறது. பிள்ளை இன்னும் பால் குடித்து முடிக்கவில்லை. இதற்கு மேல் எனக்குப் போகவில்லை.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

எமன் திரும்பி உட்கார்ந்தது ரொம்ப நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்காதே. ஆனால் பாட்டு ஆரம்பித்துவிட்டது, இரண்டு பேரும் போயாக வேண்டும். பிள்ளையை யார் கையில் கொடுக்கிறாள்? பபூன் அண்ணன் வேஷம் கேட்டாரே. அந்த இடத்திலிருந்து பேசிப் பார், நோட்டை எனக்கு அனுப்பு.