ஒரே காலனி, பாதி செல் பச்சை, பாதி இருட்டு: அவசரம்

பச்சைப்புள்ளி: ஒரே காலனியில் இருந்து வளர்த்த ஈ. கோலை. மரபணுவை இயக்கும் சுவிட்சான லாக் புரோமோட்டருக்குக் கீழே, பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் மரபணு. அந்தச் சுவிட்சைப் போடும் தூண்டியான ஐபிடிஜி போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பாதி செல் பளிச்சென்று பச்சை, மீதி சுத்தமாக இருட்டு. மரபணு ஒன்றுதானே? நாளை காலை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

கல்ச்சர்குமார்: ஐபிடிஜி எவ்வளவு? ஜிஎஃப்பி பிளாஸ்மிடிலா (தனி டிஎன்ஏ வளையம்), குரோமோசோமிலா? எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தீர்கள்?

அகார்அக்கா: பிளாஸ்மிட் போயிருக்கும். பிளாஸ்மிடைத் தக்கவைக்கப் போடும் ஆம்பிசிலினைச் செல்களே உடைத்துவிடும், அப்புறம் பிளாஸ்மிட் இல்லாததும் பெருகும். எனக்கு இரண்டு மாதம் இதில் போனது. ஆம்பிசிலின் உள்ள பிளேட், இல்லாத பிளேட் இரண்டிலும் பூசி எண்ணுங்கள்.

மூத்தவன்: பாடப்புத்தகத்தைத் திறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 1957-லேயே நோவிக்கும் வைனரும் டிஎம்ஜி என்ற தூண்டியை வைத்துக் காட்டியது இது. தூண்டியை உள்ளே இழுக்கும் பெர்மியேஸும் அதே லாக் ஓபரானில்தான் (ஒரே சுவிட்சில் இயங்கும் மரபணுத் தொகுப்பு) இருக்கிறது. தற்செயலாக ஒரு செல்லில் கொஞ்சம் பெர்மியேஸ் உண்டானால் தூண்டி கூடுதலாக வரும். வந்தது இன்னும் பெர்மியேஸை உண்டாக்கும். அந்தச் செல் முழுதாக எரியும், பக்கத்துச் செல் அணைந்தே கிடக்கும். தூண்டி குறைந்த அளவில் இருந்தால்தான் இப்படி ஆகும்.

கல்ச்சர்குமார்: அந்தத் தற்செயலையும் 2008-ல் ஷியின் குழு பிடித்தது. ஓபரானை அணைத்து வைக்கும் ரெப்ரஸர் புரதம் டிஎன்ஏவை விட்டு முழுதாக விலகும் அபூர்வ நொடியில் பெர்மியேஸ் மொத்தமாக உருவாகிறது.

மருந்துமாலா: ஆன்டிபயாடிக்கில் சில செல் மட்டும் பிழைப்பதும் இதுபோலவா?

அகார்அக்கா: அது எதிர்ப்புத்திறன், மரபணு மாற்றம்.

மருந்துமாலா: இல்லை அக்கா. 1944-ல் பிக்கர் பெனிசிலினில் தப்பிய ஸ்டாஃபிலோகாக்கஸை மறுபடி வளர்த்தார். அதன் சந்ததி பெனிசிலினில் வழக்கம்போலச் செத்தது. 2004-ல் பலபானின் குழு ஈ. கோலையில் பார்த்தபோது, தப்பியவை மருந்து வருவதற்கு முன்பே வளராமலோ மெதுவாகவோ இருந்தவை.

அகார்அக்கா: சரி, ஆனால் மருத்துவமனையில் பார்ப்பதில் பெரும்பகுதி எதிர்ப்புத்திறன்தான்.

மூத்தவன்: இரண்டும் வேறு வேறு. இழையைத் திசை திருப்பாதீர்கள்.

பச்சைப்புள்ளி: மன்னிக்கவும், லேபில் இருந்தேன். 20 மைக்ரோமோலார், குரோமோசோம், மூன்று மணி நேரம். 1 மில்லிமோலார் போட்டேன், எல்லாம் பச்சை. நன்றி!

கல்ச்சர்குமார்: நடுத்தர ஒளி வேண்டுமென்றால் பெர்மியேஸ் மரபணுவான லாக்ஒய் நீக்கிய ஸ்ட்ரெயின் எடுங்கள். நேரமிருந்தால், இந்தப் பச்சைச் செல்களைக் கழுவி மறுபடி 20 மைக்ரோமோலாரிலேயே வளர்த்துப் பாருங்கள். பல தலைமுறை பச்சையாகவே நீடிக்க வாய்ப்புண்டு. மீடியமும் மரபணுவும் ஒன்றே, முன்கதை மட்டும் வேறு. படம் இருந்தால் இங்கே போடுங்கள்.