ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வீணை: ஒரு சீனியர் போட்டோ அனுபவம்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு சீனியர் போர்ட்ரெய்ட் கிட்டத்தட்ட ஒரு சடங்கு மாதிரி. பள்ளி ஆண்டு மலருக்கு ஸ்டுடியோ படம் ஒன்று தனியாக உண்டு. ஆனால் வெளியே எங்காவது போய், தனக்குப் பிடித்த பொருளோடு எடுத்துக்கொள்வதில்தான் பிள்ளைகளுக்கு ஆசை. நான் போட்டோ எடுக்கும் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அதனால் இங்கே கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வயலின், மிருதங்கத்தோடு எல்லாம் பிள்ளைகளைப் படம் எடுத்திருக்கிறேன். வீணையோடு ஒரு பெண் வந்தது போன ஆகஸ்டில்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. அன்றிரவே மகள் தனியாக போன் செய்தாள். "அங்கிள், மூணு மணி வேண்டாம். வெயில்ல வெச்சா மெழுகு இளகிடும், மெட்டு நகர்ந்துடும்."

விஷயம் இதுதான்: வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் குறுக்குக் கம்பிகளும், கறுப்பு மெழுகில்தான் பதிந்து நிற்கின்றன. கோடையில் பூட்டிய காருக்குள் விட்டாலும் அதே கதிதான். மெட்டு நகர்ந்தால் ஸ்வரம் போச்சு. திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைப் புதிதாக மெழுகு வைத்துப் பதிக்க, ஒஹாயோவில் பக்கத்துத் தெருவிலா ஆள் கிடைப்பார்? ஏழு மணி என்று மாற்றினோம். ஆகஸ்டில் இங்கே சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும். வெளிச்சமும் அப்போதுதான் இதமாக இருக்கும்.

இடம், வில்லோபி ஹில்ஸ் பக்கம் இருக்கும் ஸ்குவயர்ஸ் காசில் என்ற பழைய கட்டடம். ஸ்டாண்டர்ட் ஆயில் அதிகாரி ஒருவர் 1890களில் பெரிய மாளிகைக்குத் திட்டம் போட்டு, அதன் காவல் வீட்டை மட்டும் கட்டினார். மாளிகை வரவேயில்லை. இப்போது கதவும் சன்னலும் இல்லாத வெறும் கல் கூடு. சனி, ஞாயிறில் கல்யாண ஜோடிகள் மொய்த்துவிடுவார்கள். வார நாளில் போங்கள்.

உடையில் வழக்கமான பஞ்சாயத்து. அம்மாவுக்குப் பட்டுப்பாவாடை தாவணி, மகளுக்கு ஜீன்ஸும் கான்வாஸ் ஷூவும். சரி, இரண்டும் எடுப்போம் என்றேன். ஷூ தெரிந்தே ஆகவேண்டும் என்று அவ்வளவு நேரம் அடம்பிடித்தவள், ஜமக்காளத்தில் உட்காருமுன் யாரும் சொல்லாமலே அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வீணையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மடியில் எடுத்தாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இனி வீணை எடுக்கப்போகிறவர்களுக்கு. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போடாதீர்கள். பல கேமராக்களில் அதிரும் தந்தி பாம்பு மாதிரி நெளிந்து பதிவாகும். மெட்டு உலோகம், அதன் பளபளப்பு போலரைசர் ஃபில்டருக்கு அடங்காது. மர நிழலுக்கு நகர்வதே வழி. பக்கவாட்டில் நின்று எடுத்தால் வீணையின் நுனியில் செதுக்கிய யாளி முகம் முன்னாலும் பிள்ளையின் முகம் பின்னாலும் போய்விடும். லென்ஸ் துளையை அகலமாகத் திறந்து எஃப் 1.8 வைத்துக்கொண்டு இரண்டையும் கூர்மையாகப் பிடிக்க முடியாது. நான் 5.6-க்குப் போனேன்.

போஸ் கொடுத்தவரை எல்லாம் பாஸ்போர்ட் சிரிப்புதான். "கேமராவை மறந்துட்டு வாசிம்மா" என்றேன். உடனே வாசிக்கவில்லை. காது வீணையின் கழுத்தான தண்டிப் பக்கம் சாய, புருவம் நெரிய, தந்தியை முறுக்கும் பிருடையைக் கொஞ்சம் திருகி, தந்தியை மீட்டி, மறுபடி திருகிச் சுருதி சேர்த்தாள். அன்றைக்கு எடுத்ததில் உருப்படியான படங்கள் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் கிடைத்தவை. அப்புறம் அவள் கல்யாணி ராகம் வாசித்தபோது நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். கேட்க அருமை, ஆனால் படங்கள் சுமார்தான்.

அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது சுருதி சேர்க்கும் படம், ஜீன்ஸ், வெறுங்கால். சென்னையில் இருக்கும் பாட்டிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். "படம் நன்னாத்தான் இருக்கு. குழந்தை வாசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள ஏன் எடுத்தார்?" என்று கேட்டாராம். அவருக்கென்று பட்டுப்பாவாடைப் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.