புது வாக்ஸ் முதல் தடவை: வீட்டிலேயே போடலாமா?

வடுவூர் நாரை கேட்டது:

2018 மாடல் ஹேட்ச்பேக், அடர் சாம்பல் மெட்டாலிக். ஷாம்பு வாஷ் தவிர இதுவரை எதுவும் போட்டதில்லை. மன்னார்குடியில் ஒரு திரவ வாக்ஸ் வாங்கியிருக்கிறேன், லேபிளில் "கிளீனர் வாக்ஸ்" என்று இருக்கிறது. வெயிலில் பார்த்தால் வண்டி முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல். பானட்டில் போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் ஷாம்புக்கும் போகவில்லை. பொங்கலுக்குள் வீட்டிலேயே செய்து முடிக்கலாம் என்று இருக்கிறேன். தனியாகப் பாலிஷ் போட்ட பிறகுதான் வாக்ஸா, இது ஒன்றே போதுமா? கையால் தேய்த்தால் போதுமா, மெஷின் வேண்டுமா? வண்டி நிற்பது கீற்றுக் கொட்டகையில், பக்கத்திலேயே நெல் களம். அங்கேயே வைத்துச் செய்யலாமா?

அரசலாறு எழுதியது:

சார், கையில் இருப்பது எது என்று முதலில் தெளிவாகிவிடட்டும். பாலிஷில் மிக நுண்ணிய அரைக்கும் துகள் உண்டு. அது பெயின்டின் மேல்பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்து, கீறலின் விளிம்பை மழுக்கும். வாக்ஸில் துகள் கிடையாது, மேலே ஒரு படலம் விடும், அவ்வளவுதான். கிளீனர் வாக்ஸ் என்பது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தது. துகள் இருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள், ஆனால் இப்போதைய துகள் விரலுக்குத் தட்டுப்படாது. பின்பக்க லேபிளைப் படியுங்கள். கீறல், மங்கல் நீக்கும் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் துகள் இருக்கிறது.

உங்களுடையது மெட்டாலிக் என்பதால் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு இருக்கும். அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியைவிட மெலிது. தேய்த்தது திரும்ப வளராது. அதனால் கிளீனர் வாக்ஸை வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போடுங்கள். நடுவில் துகள் இல்லாத வாக்ஸோ, சீலன்ட் எனும் செயற்கைக் காப்புப் பூச்சோ போதும். வெள்ளை, சிவப்பு மாதிரி சாதா நிற வண்டிக்காரர்கள் கதவின் கீழே ஒரு மூலையில் கொஞ்சம் பாலிஷ் தொட்ட துணியால் (வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி, மற்றதற்கு வெள்ளைத் துணி) தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் கிளியர் கோட் இல்லாத பெயின்ட், இன்னும் மெதுவாகக் கை வைக்க வேண்டும்.

களத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். நெல் உமியின் எடையில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் சத்து, அதில் பெரும்பகுதி சிலிக்கா. தை மாதத்தில் சம்பா அறுவடை மெஷின் ஓடும்போது பறக்கிற தூசியில் இதுதான் இருக்கிறது. இந்தத் தூசி மேல் காய்ந்த துணி போட்டுத் துடைப்பதால் விழுவதுதான் நீங்கள் பார்க்கிற வட்டக் கீறல். டெல்டாவில் வண்டி மங்குவதற்கு வெயிலைவிட இந்தத் துடைப்புதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கீற்றுக் கொட்டகையும் ஆகாது, மேலிருந்து துகள் விழுந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் போர்டிகோ, காற்று குறைந்த நேரம். மார்கழியில் பனி ஈரம் காய்ந்து ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்தால் சரி. கைவைத்தால் பானட் சூடாக இருக்கக் கூடாது.

கழுவும்போது இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கிளவ்ஸ் அலசத் தண்ணீர். தேய்ப்பதற்கு முன் தூசியை வெறும் தண்ணீரால் நன்றாக ஓட விடுங்கள். மேலிருந்து கீழே, சக்கரம் கடைசி. கழுவி முடித்ததும் மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு, ஈரமான பெயின்ட் மேல் வருடுங்கள். சொரசொரப்பு தட்டினால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி, வேண்டும். 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். அழுக்கு தெரிந்தால் மடித்துப் புது முகம் திருப்புங்கள். தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான், கழுவித் திரும்ப எடுக்காதீர்கள்.

பிறகு சோதனை. பின் கதவின் கீழ்ப்பகுதியில் ஓர் அடிக்கு ஓர் அடி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் பாதிக்கு மட்டும் வாக்ஸ். பம்பரில் சோதிக்க வேண்டாம், அது பிளாஸ்டிக், உடம்புத் தகடு மாதிரி நடந்துகொள்ளாது. மறுநாள் நிழலிலும் வெயிலிலும் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

வெட்டாறு எழுதியது:

தண்ணி விஷயம் நான் சொல்றேன். போர் தண்ணில கால்சியம், மெக்னீசியம் உப்பு நிறைய. வெயில்ல காயும்போது தண்ணி போயிடும், உப்பு தங்கிடும். அதுதான் வெள்ளைப் புள்ளி. அதுக்கு மேல வாக்ஸ் போட்டா புள்ளியை உள்ள வச்சுப் பூட்டின கணக்குதான். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து துணியை நனைச்சு, புள்ளி மேல ரெண்டு மூணு நிமிஷம் போடுங்க. காய விடாதீங்க. உடனே நல்ல தண்ணியால கழுவிடுங்க. உப்பு போயும் வளையமா தடம் தெரிஞ்சா கிளியர் கோட்டையே அரிச்சிருக்குன்னு அர்த்தம். அது வினிகருக்குப் போகாது, பாலிஷுக்குத்தான் போகும். வினிகர் இருக்கிற வாக்ஸையும் பலவீனமாக்கும், அதனால இந்த வேலை எப்பவும் வாக்ஸுக்கு முன்னாடி.

கடைசி அலசலுக்கு மட்டும் 20 லிட்டர் கேன் தண்ணி அரை கேன் இருந்தா போதும், பூவாளியால ஊத்துங்க. ஆனா வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணியை "வீணாப் போகுதே"ன்னு வண்டிக்கு எடுத்துடாதீங்க. போர் தண்ணியைவிட உப்பு கூடினது அது. கழுவின கையோட மைக்ரோஃபைபர் டவலால ஒத்தி எடுத்துடுங்க. பழைய பனியன் துணி, வேஷ்டிக் கிழிசல் வேண்டாம், தையல் மடிப்பே கீறும்.

மெஷின் பத்தி: முதல் தடவைக்குக் கையே போதும். டிரில்லுல பஃப் மாட்டி ஓட்டுறாங்க சில பேர். ஒரே இடத்துல சுத்துறதால சூடு ஏறி, பானட் விளிம்புல கிளியர் கோட் போயிடும். மெஷின்தான் வேணும்னா, சுத்திக்கிட்டே ஆடவும் செய்ற டூயல் ஆக்ஷன் பாலிஷர் மட்டும்.

வடுவூர் நாரை எழுதியது:

அரசலாறு அண்ணன், வெட்டாறு அண்ணன் இருவருக்கும் நன்றி. கழுவி, புள்ளி எடுத்து, சோதனைக் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். வட்டக் கீறல் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் துடைக்கும்போது எண்ணெய் பூசியது போல இழுத்தது. மறுநாள் காலை டார்ச் அடித்தால் வானவில் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டேன், அரை மணி கழித்துத் துடைத்தேன். வாக்ஸ் கெட்டதா?

அரசலாறு எழுதியது:

வாக்ஸ் மேல் பழி இல்லை, மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று அளவு. பானட்டில் பாதிக்குப் பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஊற்றினாலே அதிகம்தான். ஃபோம் பேடில் தடவினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் கனம். கனமாகப் போட்டால் கூடுதல் பளபளப்பு வராது, மிச்சம் முழுக்கத் துடைத்துத்தான் எடுக்கப் போகிறீர்கள்.

இரண்டு, ஈரம். மார்கழி மாலையில் ஆறு மணிக்கு மேல் தகடு குளிர்ந்து பனி இறங்கத் தொடங்கும். வாக்ஸில் உள்ள கரைப்பான் ஆவியாகாமல் நின்றுவிடும், அதுதான் எண்ணெய் இழுப்பு. அரை மணி என்று கடிகாரம் பார்ப்பதில் பயன் இல்லை. விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாகப் பளிச்சென்று வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் காயவில்லை. வெயில் நாளில் ஐந்து நிமிடத்திலேயே காயும். அப்போது முழு வண்டிக்கும் தடவிவிட்டுத் துடைக்க வந்தால் பாறையாகிவிடும், ஒவ்வொரு பேனலாக முடியுங்கள். காய்ந்து இறுகிவிட்டால் அதே வாக்ஸை மேலே கொஞ்சம் தடவி உடனே துடைத்தால் இளகும்.

மூன்று, துடைத்த துணி. ஒரு துணியால் முதல் துடைப்பு, வேறொரு காய்ந்த துணியால் இரண்டாவது. ஒரே துணி நனைந்துபோனால் எடுத்ததையே திரும்பப் பூசும்.

இப்போதுள்ள திட்டை எடுக்க, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு கேன் தண்ணீர் கலந்து தெளித்துத் துடையுங்கள். தீப்பிடிக்கும் பொருள், விளக்குப் பக்கம் வேண்டாம். இப்படித் துடைத்த பிறகும் கீறல் குறைந்தே இருந்தால் வாக்ஸில் உள்ள துகள் உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது. திரும்பத் தெரிந்தால் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கிறது, அவ்வளவே. முழு வண்டிக்கும் போடுவதா என்று அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோடியக்கரை எழுதியது:

நாகை, வேதாரண்யம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திருத்தம். கடல் காற்று அடிக்கிற இடத்தில் கார்னோபா (ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) வாக்ஸை நம்பி இருக்க முடியாது. சுத்தமான கார்னோபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், டப்பாவில் இருப்பது எண்ணெயும் கரைப்பானும் கலந்தது. கோடையில் ஒன்று, ஒன்றரை மாதத்திலேயே தண்ணீர் முத்து முத்தாக நிற்பது குறைந்துவிடும். செயற்கை சீலன்ட் நான்கு மாதமாவது தாங்கும், ஆனால் முதல் 12 மணி நேரம் ஈரம் படாமல் இருக்க வேண்டும். அடியில் வரும் துருவை எந்த வாக்ஸும் தடுக்காது. கதவுக்குக் கீழே இருக்கும் வடிகால் துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்து, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் வாரம் ஒரு தடவை கழுவுங்கள்.

நாரை, முழு வண்டிக்குப் போகும்போது கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, கண்ணாடி ரப்பர் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டிவிடுங்கள். அதில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகத் தங்கும். பட்டுவிட்டால் பழைய டூத் பிரஷும் அதே ஆல்கஹால் கலவையும் போதும். முன்கண்ணாடியில் போடாதீர்கள், மழையில் வைப்பர் இழுக்கும்போது மங்கலாகும். பொங்கலன்று பானட்டில் சந்தனம், குங்குமம் வைப்பீர்கள் என்றால், அன்று இரவே ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மறுநாள் காய்ந்ததை நகத்தால் சுரண்டினால் அங்கே கீறல் விழும்.