ஆட்டோகேட்டில் முதல் 3டி: புஷ்ஷில் ஓட்டை இருக்கிறது என்றே நினைத்தேன்

களியக்காவிளை லேத்

கணினியில் படம் வரையும் ஆட்டோகேட்டில் முதன்முதலாக 3டி போட்டபோது நடந்ததைச் சொல்லுங்கள். எனக்கு நடந்தது இன்னும் உறுத்துகிறது.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்கு கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயம் கலந்த உலோகம்) புஷ், அதாவது தண்டு சுழல நடுவில் ஓட்டை உள்ள குழாய்த் துண்டு. வெளி விட்டம் 60, உள் விட்டம் 40, நீளம் 50, எல்லாம் மில்லிமீட்டரில். இரண்டு வட்டம் போட்டேன், இரண்டையும் 50-க்கு எக்ஸ்ட்ரூட் செய்தேன், அதாவது உயரம் கொடுத்து உருளை ஆக்கினேன். ஐசோமெட்ரிக்கில் திருப்பினால் கம்பிக் கோடுகளுக்குள் இரண்டு வட்டமும் அழகாகத் தெரிந்தன. சரி, முடிந்தது என்று வெளி உருளையைத் தொட்டு, கன அளவு சொல்லும் மாஸ்ப்ராப் கட்டளை போட்டு, வந்த கன அளவைக் கன்மெட்டலின் அடர்த்தியான 8.8-ஆல் பெருக்கி, 1.24 கிலோ என்று எடை சொன்னேன். எங்கள் பக்கம் கன்மெட்டலுக்குக் கிலோக் கணக்கில்தான் விலை.

வந்தவர் பாறசாலைக்காரர், வயதானவர். படத்தைக் காட்டச் சொன்னார். நன்றாகத் தெரியட்டுமே என்று பரப்புகளை நிரப்பிக் காட்டும் ஷேடட்டுக்கு மாற்றினேன். மூடி போட்ட டப்பா மாதிரி நின்றது. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு அவர் கேட்டார்: "மோனே, ஓட்ட எவிடெ?"

சப்ட்ராக்ட் (ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் கட்டளை) செய்யவே இல்லை. ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை சும்மா உட்கார்ந்திருந்தது. பையில் இருந்த பழைய புஷ்ஷை எடுத்துத் தராசில் வைத்தார். அறுநூற்றுச் சொச்சம் கிராம். அவர் கோபப்படவில்லை. ஆனால் இதே முறையில் அதற்கு முன்பே இரண்டு பேருக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தேன்.

வாளையாறு

அண்ணே, சப்ட்ராக்ட் செய்தாலும் தப்பிக்க முடியாது. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு டெஸ்ட். ஒரு கட்டை, நடுவில் துளை, பத்து நிமிடம். சப்ட்ராக்ட்டில் முதலில் வைத்துக்கொள்ள வேண்டியதைத் தொட்டு என்டர் தட்டி, பிறகுதான் கழிக்க வேண்டியதைத் தொட வேண்டும். நான் பதற்றத்தில் முதலில் உருளையைத் தொட்டேன், அப்புறம் கட்டையை. கட்டைக்கு உள்ளேயே இருந்த உருளையிலிருந்து கட்டையைக் கழித்தால் என்ன மிஞ்சும்? திரை காலி. கருப்பாக, ஒரு கோடு கூட இல்லை. அன்டூ செய்தால் திரும்பி வந்திருக்கும், கை வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். நான்கு வருடம் ஆகிறது.

நகரி தறி

எனக்கு வேறு மாதிரி. தறிக்கு ஒரு எல் வடிவ பிராக்கெட். ஆறு கோடு போட்டு எக்ஸ்ட்ரூட் செய்து, அம்பத்தூரில் ஒரு சிஎன்சி கடைக்கு அனுப்பினேன். "சார், இது சாலிட் இல்லை, ஆறு தாள் நிற்கிறது" என்றார்கள்.

புதிதாகப் பழகுபவர்களுக்காகச் சொல்கிறேன். லைன் கட்டளையில் போட்ட கோடுகள் கண்ணுக்குச் சேர்ந்திருந்தாலும் தனித்தனிதான். பிஎடிட் எடுத்து ஜாயின் கொடுத்து ஒரே தொடர்கோடாக, அதாவது பாலிலைன் ஆக்குங்கள். அல்லது பவுண்டரி கட்டளையில் உள்ளே ஒரு இடத்தைத் தொடுங்கள், அதுவே மூடிய பாலிலைன் போட்டுத் தரும். பவுண்டரி தகராறு செய்தால் எங்கோ ஒரு மூலை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஜூம் செய்து ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள், ஃபில்லெட்டை 0 ஆரத்தில் வைத்து இரண்டு கோட்டையும் தொட்டால் மூலை சேர்ந்துவிடும். வேலை முடிந்ததும் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 3டி சாலிட் என்று இருக்கிறதா, சர்ஃபேஸ் (தடிமன் இல்லாத வெறும் பரப்பு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். பெட்டி மாதிரி எளிய வடிவம் என்றால் பாக்ஸ் கட்டளையே போதும், இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

செங்கோட்டை ஓய்வு

நகரி தம்பி சொல்வது இப்போதைய வெர்ஷன்களுக்குச் சரி. நான் ஆட்டோகேட்டின் பழைய ரிலீஸ் 14-ல் பழகியவன். மூடாத கோட்டை அதில் எக்ஸ்ட்ரூட் ஏற்கவே ஏற்காது. 2007 வெர்ஷனில் திறந்த கோட்டிலிருந்தும் சர்ஃபேஸ் வரத் தொடங்கிய பிறகுதான் இந்த ஏமாற்றமே.

ஆனால் களியக்காவிளைத் தம்பியின் தவறு கட்டளையில் இல்லை. புஷ்ஷை நடுவில் வெட்டியது போல் காட்டும் வெட்டுத் தோற்றம் ஒன்று வரைந்திருந்தால், உலோகம் உள்ள இடத்துக்குச் சாய்கோடு (ஹேட்ச்) போடும்போதே நடுவில் 40 மில்லி வெறுமையாக விட வேண்டும் என்று கை சொல்லியிருக்கும். 3டியிலேயே பார்க்க வேண்டுமா, ஸ்லைஸ் எடுத்துப் பாதியாக வெட்டிப் பாருங்கள்.

வாளையாறு

ஐயா, பத்து நிமிட டெஸ்ட்டில் வெட்டுத் தோற்றம் வரைய யார் விடுவார்கள்?

களியக்காவிளை லேத்

ஐயா சொன்னபடி ஸ்லைஸ் போட்டுப் பார்த்தேன், இப்போது சரியாக இருக்கிறது. கன அளவு 78,540 கன மில்லிமீட்டர், எடை 690 கிராம். முந்தைய இருவரில் ஒருவருக்குப் போன் செய்து கூடுதல் பணத்தைத் திருப்பிவிட்டேன். இன்னொருவரின் நம்பர் என்னிடம் இல்லை, பில்லில் ஊர் மட்டும் நெய்யாற்றின்கரை என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விலை எழுதிய புஷ்ஷின் அளவை எடுத்துக்கொண்டு அங்கே ரப்பர் கடைகளில் விசாரிக்கப் போகிறேன்.